மதினி ருசி பார்த்த பவுடர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பார்மசியும் படித்தேன். இப்போது விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறேன். என்னைப் பெற்ற அத்தா பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறவர். கையெழுத்து போடுவார், அவ்வளவுதான். எங்கள் தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். "படிச்ச புள்ள இருக்குதா?" என்று வாசலில் கேட்பார்கள். உள்ளே இருந்துகொண்டே கொஞ்சம் தாமதமாக வெளியே வருவேன். அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கும்.

பிறகு கத்தாரில் வேலை பார்க்கும் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டான். மதினி புதுச்சேரிக்காரர். எம்.எஸ்ஸி. படித்தவர். சின்ன வயதிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். அண்ணன் திரும்பிப் போனதும் மதினி எங்களோடு தங்கினார். தெருவில் பாதிச் சீட்டுகள் அவர் கைக்குப் போயின. "அவங்க பொறுமையா சொல்றாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி என்னிடமே. நான் பொறுமையில்லாமல் சொன்னேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதுகூடப் போகட்டும். பூனையும் அவர் பக்கம் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அது என் பூனை. கம்பெனியில் பொம்மை வார்க்கும் அச்சுகளுக்கு நடுவே கிடந்தது என்று அத்தா சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். களிமண் தூசியில் வெள்ளையாக இருந்தது. குளிப்பாட்டினால் கன்னங்கரேலென்று ஒரு குட்டி வெளியே வந்தது. நான் படிக்கும்போது என் புத்தகத்தின் மேல்தான் தூங்கும். பக்கத்தைப் புரட்ட அதன் வாலைத் தூக்க வேண்டும். அதற்குச் சர்க்கரை வந்ததைக் கண்டுபிடித்ததும் நான்தான். பானைத் தண்ணீரைக் காலி செய்தது, இளைத்தது, அப்புறம் ஒருநாள் அதன் மணல் தட்டில் எறும்பு மொய்த்தது. அம்மா எறும்புப் பொடி தேடினாள். நான் கூடை தேடினேன்.

மாட்டாஸ்பத்திரியில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஆடும் கன்றுமாக நின்றார்கள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பூனைக்கு என்னம்மா நோவு?"

"சர்க்கரைங்க."

"அடங்கப்பா! எனக்குத்தான்னு பாத்தா இதுக்குமா? ஏம்மா, இதுவும் டீய சக்கர இல்லாமத்தான் குடிக்குதா?"

வரிசையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ஊசி போட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவதுபோல. சாப்பிட்ட பிறகுதான் இன்சுலின், சாப்பிடாமல் இருந்தாலோ வாந்தி எடுத்தாலோ தனக்குப் போன் செய்யாமல் ஊசியைத் தொடக்கூடாது என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊசி என் வேலை. காது நுனியில் குத்தி ரத்தம் எடுப்பதும் என் வேலை. பூனைக்கு இது நல்லதுக்கென்று யார் சொல்வது? நான் உள்ளே வந்தால் அது வெளியே போனது. மதினி ஒன்றும் செய்யமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார். பூனை தானாக ஏறி மடியில் சுருண்டுகொள்ளும். முன்பெல்லாம் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் என் வெள்ளைக் கோட்டிலிருந்து கறுப்பு முடிகளைப் பிடுங்கிப் போடுவேன். இப்போது கோட்டு சுத்தமாக இருந்தது. மதினியின் வெளிர் சுடிதார்களில் எல்லாம் முடி. அவர் அதைத் தட்டிவிடக்கூட மாட்டார்.

நோன்பு மாதம் தொடங்கி முதல் வாரத்திலேயே பூனைக்கு வயிறு கெட்டது. தண்ணீராகப் போனது. இரண்டு தடவை வாந்தி. டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். வயிற்றுக்கு நல்லது செய்கிற கிருமிகள் கலந்த பவுடர், காலையும் மாலையும் சாப்பாட்டில். உப்புப் போடாமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு சின்ன ஸ்பூன். தோலுக்கடியில் பி பன்னிரண்டு ஊசி ஒன்று, அதை அவரே போட்டார். கடைசியில், "இதுல நிக்கலைன்னா, சுகரும் ஏறிக்கிட்டே போச்சுன்னா, புதுச்சேரிக்குக் கொண்டு போயி டிரிப்ஸ் ஏத்தணும்மா. இந்த எடையில தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் கூடைக்குள் கையை விட்டுக்கொண்டே வந்தேன். வெளியே அது என்னைக் கடித்துவிட்டு ஓடும். கூடைக்குள் வேறு போக்கிடம் இல்லாததால் என் விரலில் முகத்தை வைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பவுடர் பாக்கெட்டுகள் தீர்ந்தன. அதே கம்பெனிச் சரக்கு எங்கள் கடையில் இல்லை. மருந்துக் கடையில் இது தினமும் நடப்பது. கேட்டது இல்லாவிட்டால் அதே சேர்மானத்தில் வேறு கம்பெனியுடையதை எடுத்துக் கொடுப்போம். பாக்கெட்டின் முன்பக்கம் பார்த்தேன், அதே கிருமிகள். ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்து வந்தேன். காலையில் சஹர் சாப்பாடு முடிந்து பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு ஒன்று, மாலையில் நோன்பு திறக்கும் முன்னால் ஒன்று. ஒரு சின்னக் கிண்ணத்தில், பரங்கிக்காயோடு வேகவைத்த கோழியில் கலந்து வைப்பேன். கண்ணாடிப் பூச்சு சரியாகப் பிடிக்காததால் கம்பெனியில் ஒதுக்கிப் போட்ட கிண்ணம் அது.

பூனை அதைத் தின்றது. ஆனால் மதினி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தின்றது. நான் கலந்து வைப்பேன், அது என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மதினி வந்து கிண்ணத்தில் ஒரு விரலை வைப்பார். உடனே குனியும்.

வயிறு நிற்கவில்லை. காதில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவோ ஏறிக்கொண்டே போனது. எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. பள்ளிவாசலிலிருந்து வரும் கஞ்சியைத் தூக்குச்சட்டியிலிருந்து ஊற்றுவது மதினி. பூனை அவர் காலையே சுற்றிக்கொண்டு நிற்கும். அரிசிக் கஞ்சி, வெங்காயம், பூண்டு, கறி.

"மதினி, இதுக்குக் கஞ்சி ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றேன்.

அவர் போனைக் கீழே வைத்தார். "என்னையப் பாத்தா பூனைக்கு வெசம் வைக்கிறவ மாதிரி இருக்குதா உனக்கு? வெங்காயம் பூண்டு அதுக்கு ஆவாதுன்னு நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"அப்புறம் எப்படி சுகர் ஏறுது?"

"நீதானே மருந்துக் கடை. என்னையக் கேக்கற."

அம்மா அடுப்பிலிருந்து, "நோம்பு வச்சிக்கிட்டு சண்ட போடாதீங்கடி" என்றாள். மதினி எழுந்து போனார். பூனையும் பின்னாலேயே போனது.

எங்கள் வீட்டில் நோன்புக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே யாரும் பேசமாட்டார்கள். பெண்களில் யாருக்கு மாதவிலக்கு வந்து நோன்பு இல்லையோ, அவர்தான் சமையலுக்கு உப்புப் பார்ப்பார். அத்தா கண்ணில் படாமல் அம்மா கரண்டியை நீட்டுவாள், அந்த ஆள் வாங்கி நாக்கில் வைத்துவிட்டுத் தலையாட்டுவார். அந்த வாரம் அது மதினி.

சண்டை நடந்ததற்கு மறுநாள் மாலை, சமையலறையில் மதினி சமோசா மசாலாவுக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூலையில் பூனைக்குக் கலந்துகொண்டிருந்தேன். பாக்கெட்டைக் கிழித்தபோது பவுடர் மேடையில் சிந்தியது. நான் துணி தேடுவதற்குள் மதினி விரலால் வழித்தார். வழித்த விரலை, உப்புப் பார்த்துக்கொண்டிருந்த பழக்கத்தில், நாக்கில் வைத்துவிட்டார்.

"என்னம்மா இது, இனிக்குது?"

"இனிக்காதுங்க. அது வயித்துக்குப் போடற பவுடரு."

"எதுக்குப் போடறதோ. இனிக்குது. ஆரஞ்சு மிட்டாய் மாதிரி. நீயே தொட்டுப் பாரு."

"நான் நோம்பு."

"தெரியுது. தொறந்துட்டுப் பாரு."

அம்மா ஒரு பாக்கெட்டை வாங்கி முகர்ந்துவிட்டு ஒன்றும் புரியாமல் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். ஓரத்தில், மடிப்புக்குள், குண்டூசி முனை எழுத்தில் ஏதோ இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தும் பாதி எழுத்து மடிப்பில் அழிந்திருந்தது. குழந்தைகளுக்கு என்பது மட்டும் தெரிந்தது. மனதுக்குள் ஒரே வேண்டுதல், இது இனிக்கக்கூடாது. பூனைக்காக அல்ல. மதினி சொன்னது சரியாக இருக்கக்கூடாது என்பதற்காக.

பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. ஹாலில் எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்தோம். தட்டில் பேரீச்சம்பழம், கஞ்சி, சமோசா. என் தட்டுக்குப் பக்கத்தில் கிழித்த பாக்கெட். அத்தா அதைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். மதினி குனிந்து சிரித்தது எனக்குத் தெரிந்தது. அவர் மடியில் பூனை.

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தை எடுத்தால் அதன் இனிப்பே நாக்கில் நிற்கும், ஒன்றும் தெரியாது. அதனால் தண்ணீரில் நோன்பைத் திறந்தேன். அடுத்தபடியாக நான் வாயில் வைத்தது பூனைப் பவுடர்.

இனித்தது. நன்றாகவே இனித்தது.

"என்ன?" என்றார் மதினி.

"ம்" என்றேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். குழந்தைகள் குடிக்க வேண்டுமென்று சர்க்கரை சேர்த்தது, உடனே நிறுத்தும்மா என்றார். "பூனை எப்படிங்க அத ஒண்ணும் சொல்லாம தின்னுச்சு?" என்று கேட்டேன். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாதாம். தின்றதற்குத் தெரியவில்லை. கலந்தவள் நோன்பில் வாயைக் கட்டியிருந்தாள். வீட்டில் நாக்கு மதினிக்கு மட்டும்தான் இருந்தது.

பழைய பவுடர் சேத்தியாத்தோப்பில் ஒரு கடையில் கிடைத்தது, பஸ்ஸில் போய் வாங்கி வந்தேன். பரங்கிக்காயை நிறுத்தவில்லை. மெல்ல மெல்ல மணல் தட்டில் உருண்டையாக வரத் தொடங்கியது. அளவும் இறங்கியது. புதுச்சேரி போக வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னபோது, மேசை மேல் நின்ற பூனையை அப்படியே தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். அது என் கன்னத்தைப் பிறாண்டியது.

அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். "மருமவதான் கண்டுபுடிச்சா. நாக்குல வச்ச ஒடனே சொல்லிட்டா." அண்ணன் வீடியோ காலில், "உன் மதினி இல்லன்னா பூன போயிருக்கும்" என்றான். "ஊசி போடறது யாரு? உன் பொண்டாட்டியா?" என்றேன். மதினி பக்கத்திலிருந்தே, "இல்லப்பா, அவதான் போடறா. நம்ம கையெல்லாம் நடுங்கும்" என்றார். எனக்காகத்தான் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நோன்பின் கடைசி வாரத்தில் எனக்கு நோன்பு இல்லாத நாட்கள் வந்தன. அம்மா கரண்டியை என்னிடம் நீட்டினாள். உப்புப் பார்த்துத் தலையாட்டினேன். பிறகு பூனையின் பாக்கெட்டைக் கிழித்து, விரலில் தொட்டு, நாக்கில் வைத்தேன். மாவு மாதிரி, கொஞ்சம் புளிப்பு.

"இனிக்கலை!" என்றேன், ஹாலில் இருந்த மதினிக்குக் கேட்கிற அளவுக்கு.

"சரிம்மா" என்று பதில் வந்தது.

கலந்து கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மதினியைக் கூப்பிடவில்லை. பூனை என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து நக்கும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தபோது கிண்ணத்தின் அடி தெரிந்தது. பூனை வாயைத் துடைத்துக்கொண்டு, என் காலைச் சுற்றிப் போய், மதினி விரித்து வைத்திருந்த தொழுகைப் பாயில் ஏறிப் படுத்தது. நான் ஊசியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.