குதிகால் பட்டையை அறுத்த சாயங்காலம்

விழுப்புரத்தைப் பின்னால் விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பையில் இரண்டு சட்டை, ஸ்பானர்களைச் சுருட்டி வைத்த கோணித்துண்டு. வேலை பார்த்த மெக்கானிக் ஷெட்டில் நான் படுக்கிற இடத்துக்கு முதலாளியின் மச்சான் வந்துவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எந்த ஊரிலும் நான் ரொம்ப நாள் தங்கியதில்லை. கிளம்ப ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய லாரி ஒன்று திண்டிவனம் வரை ஏற்றிக்கொண்டது. செஞ்சி ரோடு பிரிகிற இடத்தில் இறங்கி டீக்கடையைத் தேடினேன். அப்போதுதான் பஞ்சர் கடை வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன். டீ மறந்துபோனது.

சீட்டே இல்லை. டேங்க் ஒரு சுரைக்காய் அளவு. எஞ்சின் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நின்றது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் வைக்கக் கம்பியில் தொட்டில் கட்டியிருந்தார்கள். டிரையல்ஸ் வண்டி. பாறைமேல் நின்றுகொண்டே ஏறுகிற பந்தயத்துக்கென்று வெளிநாட்டில் செய்தது. போனில் படம் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. எனக்குக் கை பரபரத்தது.

“ஏது இது?”

“வானூர் பக்கம் ஒரு வெள்ளக்காரரு ஊருக்குப் போவசொல்லோ குட்த்துட்டுப் போனது,” என்றான் வண்டிக்காரன். என் வயதுதான் இருக்கும். “கியரு தொங்கிப்போச்சி. இங்க எவனும் தொட மாட்டேங்கறான்.”

பக்கத்தில் கேன்மேல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி எனக்கு விஷயத்தைச் சொன்னாள். செஞ்சி ரோட்டில் ஒரு பாறைக் குன்று, மேலே முருகன் கோயிலில் திருப்பணி. கலவைக்கும் குடிக்கவும் தண்ணீரை இந்த வண்டிதான் ஏற்றுகிறது. காலையில் தண்ணீர் போகவில்லையென்றால் காண்ட்ராக்டர் கழுதைக்காரரை வைத்துக்கொள்வார்.

“கழுத வந்துச்சின்னா, இவரும் அதுங்ககூடவே புல்லு மேய வேண்டியதுதான்.”

“நீ சும்மா இருக்க மாட்டியா?”

நான் கோணித்துண்டை விரித்தேன். கியர் வலது பக்கம், நான் ஷெட்டில் ஓட்டிப் பழகிய பழைய புல்லட் மாதிரி. முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றதெல்லாம் கீழே. வண்டியை இடது பக்கமாகப் படுக்க வைத்துவிட்டால் கவரைக் கழற்றினாலும் ஆயில் கொட்டாது. கழற்றினேன். கியர் லீவரை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவருகிற ஸ்பிரிங்கில் ஒரு கால் ஒடிந்து கிடந்தது. அது கவ்வியிருக்கிற முளையும் வளைந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பல்சக்கரம் போயிருந்தால் யாரிடம் போவது? இது கம்பியும் முளையும்தான்.

பழைய இரும்புக் கடையில் ஏறக்குறைய அதே அளவில் இரண்டு ஸ்பிரிங் கிடைத்தன. முதலாவதை வளைக்கும்போதே படக்கென்று ஒடிந்தது. அடுத்ததைக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்தேன். நின்றது. ஒரு கெட்டி போல்ட்டின் தலையை அறுத்து, அரத்தில் தேய்த்துப் புது முளை செய்தேன். மாட்டி லீவரைத் தட்டினால் டக்கென்று போய் டக்கென்று நடுவுக்கு வந்தது. திரும்பத் திரும்பத் தட்டினேன். அந்தச் சத்தம் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆனால் ஏன் ஒடிந்தது? லீவருக்குப் பின்னால், குதிகாலால் மிதித்தால் நுனி மேலே எழும்பி முதல் கியர் விழும்படி, நீளமாக ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்திருந்தான். ஊரில் ஓடுகிற வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். இதிலோ ஆள் நின்றுகொண்டு ஓட்டுகிறான். பாறையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அவன் உடம்புப் பாரம் மொத்தமும் பட்டைமேல் விழுந்திருக்கிறது.

“இத அறுக்கணும்,” என்றேன்.

“அறுக்காத. சாமி மல, செருப்பு போட முடியாது. வெறுங்காலால லீவரத் தூக்கினா வெரலு தோலு உரிஞ்சிப்பூடும். அதுக்குத்தான வெச்சேன்.”

“இருந்தா நாளைக்கே திரும்ப ஒடியும்.”

அவன் மனைவியைப் பார்த்தான். “அறுத்துடுங்கண்ணா,” என்றாள் அவள். “தோலு வளரும்.”

அறுத்தேன். லீவர் நுனியில் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினேன். இருட்டுவதற்குள் வண்டி நின்ற இடத்தில் உறுமியது. அவன் ஏறினான். குதிகால் பழக்கத்தில் காற்றை மிதித்தது. கோபத்தில் முன்னால் அழுத்த, இரண்டாவது கியரில் விழுந்து ஒரு துள்ளு துள்ளி நின்றது.

“இன்னாயா, டான்ஸ் ஆடற?” என்றாள் மனைவி.

“காலைல சரியாப்பூடும்,” என்றான். அன்று அவர்கள் வீட்டிலேயே கேப்பைக் களி சாப்பிட்டுப் படுத்தேன்.

காலையில் சரியாகவில்லை. குன்றின் அடியில் முதல் பாறைப் படியிலேயே முதல் கியர் வேண்டும். அவன் குதிகால் மறுபடி இல்லாத பட்டையைத் தேடியது. வண்டி அணைந்து சாய்ந்தது. மனைவி ஓடிவந்து கேன்களைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி முயன்றான், மறுபடி அணைந்தது. அவன் சட்டைப்பையில் போன் அடித்தது, காண்ட்ராக்டர். எடுத்தவன், “தோ வந்துக்கினே இருக்குதுங்க, மலைக்குக் கீயதாங்க இருக்கறோம், இல்லீங்க, கழுதலாம் வேணாங்க,” என்றான்.

போனை வைத்துவிட்டு ஹேண்டிலை என் பக்கம் சாய்த்தான்.

“புல்லட்டு ஓட்டினேன்னியே, உனுக்கு வெரலால தூக்கறது பழக்கம்தான? நீயே ஏத்து. நான் கீய நின்னு கேன ரொப்பிக் குடுக்கறேன்.”

செருப்பைக் கழற்றினேன். பாறை இன்னும் சுடவில்லை. பெருவிரலால் லீவரைத் தூக்கினேன், டக். நின்றபடியே முதல் படியில் ஏறினேன். முன்சக்கரம் எழும்பி விழுந்தது, கேன்கள் குலுங்கின. இரண்டாவது படி. மூன்றாவதில் பின்சக்கரம் வழுக்கிப் பிடித்தது. வாய் தானாகச் சிரித்தது. ஸ்பிரிங் தாங்கியது.

மேலே கொத்தனார் ஒருவர் கலவை மண்வெட்டியோடு காத்திருந்தார்.

“இன்னாபா, புதுசா? நீ யாரு?”

“தண்ணிக்காரன்,” என்று சொல்லி கேனை இறக்கினேன்.