அப்பா துண்டு கட்டிய பட்டமரம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஏலச்செடிக்கு நடுவே பொழுதைக் கழித்த கை, இப்போது பேனா பிடித்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். காகிதம் நம் முகத்தைத் திரும்பிப் பார்க்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மருமகள் குமுளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் காளான் வாங்கி வந்தாள். சட்டைப் பொத்தான் மாதிரி எல்லாம் ஒரே அளவு. மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. "சுத்தமான காளான் அத்தே, அதான்" என்றாள். அப்படியானால் நான் தின்று வளர்ந்ததெல்லாம் அசுத்தக் காளான். மழை விட்டதும் மக்கிய மரப்பட்டையில் சிப்பி சிப்பியாக விரியும். ஈர மண்ணும் பழைய சாக்கும் கலந்த ஒரு வாசம். அதை நினைத்தாலே உடும்பஞ்சோலையில், தோட்ட வேலைக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் பட்டுப்போய் நின்ற வெடிப்பலா மரம் வந்துவிடும். மரம் வந்தால் கூடவே என் கல்யாணமும் வந்துவிடும்.

எழுபதுகளில் அங்கே ஒரு வழக்கம். ஏலத்துக்கு நிழல் தரும் மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. தானாக விழுந்ததை விறகுக்கு எடுக்கலாம். முதலில் துணி கட்டியவருக்கே அது சொந்தம். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பா முதலாளியிடம் கேட்டு, அந்தப் பட்டமரத்தை வெட்டிக்கொள்ள அனுமதி வாங்கினார். வாங்கிய கையோடு, நின்றுகொண்டிருந்த மரத்துக்கே தன் தோள் துண்டைக் கட்டிவிட்டு வந்தார்.

"பஸ்ஸு வாரதுக்கு முன்னாடியே சீட்டுக்குத் துண்டு போட்ட ஆளு நீங்க ஒருத்தருதேண்ணே" என்றார் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மலையில் தீப்பெட்டிகூட ஈரமாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்தான். ஆனால் அவருடைய சொந்தக்காரர்கள் கம்பத்திலிருந்து மலையேறி வருகிறார்கள். அத்தனை பேருக்கும் சோறு வேகாமல் பந்தி நின்றால் வாழ்நாளெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள். காய்ந்த விறகு என்றால் அந்த ஒரு மரம்தான்.

மாசியில் அப்பா கோடரியோடு போனபோது, மரத்துப் பொந்தை இருவாச்சி அடைத்திருந்தது. பொட்டைப் பறவை உள்ளே இருந்துகொண்டு, எச்சத்தையே குழைத்து வாசலைப் பூசி, மூக்கு நீட்ட மட்டும் ஒரு சந்து விட்டிருந்தது. ஆண் பறவை பழத்தோடு கிளையில் உட்கார்ந்து அப்பாவின் கோடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்து அம்மா ஓடி வந்தாள்.

"உள்ள புள்ளத்தாச்சி அடைஞ்சு கெடக்கா. அவ வீட்டச் சாய்ச்சு எம்மக கல்யாணத்துக்கு உல வைக்கணுமாக்கும்?"

"நாந்தான மொதல்ல துண்டு கட்டுனேன்?"

"அவளும் கதவச் சாத்திட்டாள்லண்ணே" என்றார் அத்தை.

வைகாசியில்தான் முகூர்த்தம், அதற்குள் குஞ்சு பொரித்து வெளியே வந்துவிடும் என்று முடிவானது. அதிலிருந்து அப்பா பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் போலத் தினமும் அண்ணாந்து நின்றார். அண்ணாந்து பார்க்கப் பார்க்கத்தான் அங்கே வேறு யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உச்சியில் மரங்கொத்தி. நடுவில் பறக்கும் அணில். வெடிப்பில் கொசுத்தேனீ. வேரில் காளானும் பெயர் தெரியாத வண்டுகளும். எங்கள் லயத்தில்கூட அத்தனை குடும்பம் இல்லை. எங்களைப் போலச் சண்டையும் இல்லை.

ஆண் பறவை வரும்போது சிறகுச் சத்தம் கொல்லன் துருத்தி ஊதுவது போலக் கேட்கும். களையெடுக்கும் பெண்கள் நிமிர்ந்துவிடுவார்கள்.

"எம்புருசன் இத்தன வருசத்துல ஒரு வாழப்பழம் வாங்கியாந்ததில்ல. இவரு எத்தன நட நடக்காரு பாரு" என்பார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்புவார். "ஏ புள்ள, ஒனக்கு வாரவரு இப்பிடி ஊட்டுவாராடி?"

நான் ஏலச்செடித் தூருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

வைகாசி வந்தது. மழையும் வந்தது. அடைப்பு திறக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அப்பா நனைந்த சுள்ளிகளை அடுப்பில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். புகை மட்டும் தாராளமாக வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையால்தான் என்று சொன்னாள்.

அப்போது சாக்கைப் போர்த்திய விறகுக் கட்டு ஒன்று ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தது. அடியில் மாப்பிள்ளை. அவருடைய லயத்தில் அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்த விறகு அது. சொல்லியனுப்பியது அத்தையைத் தவிர யாராக இருக்கும்? கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினார். மறுபடி வந்தார். இருட்டும்வரை போய்ப் போய் வந்தார்.

"இந்தா, ஆம்பள இருவாச்சி வந்திருச்சு. வாயத் தொறடி" என்றார் அத்தை.

லயமே சிரித்தது. நான் கதவுக்குப் பின்னாலிருந்து அன்று முழுக்க வெளியே வரவில்லை. மறுநாள் பந்தியில் சோறு பொலபொலவென்று இருந்ததாகச் சொன்னார்கள். எனக்குத் தலை நிமிர்ந்தால்தானே தெரிவதற்கு.

பெயர்சூட்டு விழா நடத்தாத குறையாக அவர் 'இருவாச்சி மாப்பிள்ளை' ஆகிப்போனார். இப்போது ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் இருவாச்சிக்கு முட்டி வலி. பேச்சியம்மா அத்தை இல்லை. கேலி செய்ய ஆளில்லை என்ற துணிச்சல் அவருக்கு. மரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒடிந்து சில வருஷம் நின்றது. பிறகு கை மாறி வந்த முதலாளி, தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று பட்டது, விழுந்தது எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார். இப்போது போனால் பெருக்கிவிட்ட முற்றம் போல இருக்கிறது. துருத்திச் சத்தம் கேட்பதில்லை. காளானுக்கு டப்பாதான்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் பொந்தின் அடைப்பு உடைந்து கிடந்தது. அப்பா போய்ப் பார்த்தார்; தாயும் குஞ்சும் பறந்துவிட்டிருந்தன. மரத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொண்டுவந்து, துவைத்துக் காயப்போட்டார்.