பாதியில் நின்ற வசவு

அல்லிநகரத்தில் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா, நம்ம ஜெபராஜ் டாக்டர் தூக்கத்துலயே போயிட்டாக" என்றாள் கூட வேலை பார்க்கும் சிஸ்டர். கீரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

தேனியில் எங்கள் மருத்துவமனையின் மயக்க மருத்துவர் அவர். போடிக்காரர், பளபளவென்று வழுக்கை. தியேட்டர் நர்ஸாக நான் அவரோடு நின்ற காலமெல்லாம், எந்தக் குழந்தையிடமும் "வலிக்காது" என்று அவர் சொன்னதே இல்லை. "வலிக்காம இருக்க எல்லாம் செய்றேன். அப்படியும் வலிச்சா என்னைய ஆசைதீர வைஞ்சுக்க" என்பார். கம்பம் பள்ளத்தாக்கின் வசவுகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாக ஒன்று கிடைத்தால் நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

உத்தமபாளையத்துப் பர்வீன் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. கொதிக்கிற கஞ்சி கொட்டி, வலது கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தன. வேறோர் இடத்தில் முதல் ஆபரேஷனுக்கு நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறல். "மறுபடி அமுக்குறதா இருந்தா வேணாம் சார், கை அப்படியே கெடக்கட்டும்" என்று அவள் அத்தா அழுதேவிட்டார்.

"யாரும் அமுக்க மாட்டாக" என்றார் டாக்டர். அவளுடைய இடது கையில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டினார். அது வேலை செய்ய ஒரு மணி நேரமாகும். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். "டீ குடிச்சிட்டு வாங்க சார், பிள்ளைக்கு இன்னும் கை மரக்கல." அந்த நேரம் முழுக்கப் பர்வீன் தீவிரமாக வசவு யோசித்துக்கொண்டிருந்தாள்.

மயக்க மருந்து நரம்பில் ஏறும்போது எரியும். அதற்கும் முன்கூட்டியே மரக்கிற மருந்து கொஞ்சம் கொடுத்துவிட்டார்.

"குத்தியாச்சா? நான் இன்னும் வையவே இல்லையே!" பர்வீனுக்குப் பெரிய ஏமாற்றம்.

"இப்ப வையி ஆத்தா, கேக்குறேன்."

"பூசணிக்கா..." என்றவள் தூங்கிவிட்டாள்.

தியேட்டரே சிரித்தது. டாக்டர் தொப்பிக்கு மேலாகவே தலையைத் தடவிக்கொண்டார். கை விரிய இன்னும் இரண்டு ஆபரேஷன் தேவைப்பட்டது. இரண்டுக்கும் அவளே அத்தாவுக்கு முன்னால் நடந்து வந்தாள்.

நேற்று போடியில், அடக்கத்துக்கு முன்னால் பர்வீன் வந்தாள். இப்போது பெரியகுளத்தில் கல்லூரியில் படிக்கிறாள். விரிந்த வலது கையால் அவர் காலடியில் மல்லிகையை வைத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "வலிச்சா வையச் சொன்னீகள்ல. ரொம்ப வலிக்குது சார். பூசணிக்கா மண்டையா."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

வைய வேண்டியதை வைதாயிற்று, சார். இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.