அக்கா தேதி வைத்த பதிவுகள்

அக்கா இறந்த பிறகும் அவளுடைய வலைப்பூவில் பதிவுகள் வந்துகொண்டிருந்தன. மலேசியாவின் ரெங்கத்தில் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இறந்தவர்களைப் பற்றி, அவரவர் திதியன்று காலையில் ஒரு பதிவு வெளியாகும். திதி ஆண்டுதோறும் வேறு தேதியில் விழுவதால், புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அந்த ஆண்டுக்கு உரியதையெல்லாம் எழுதி, அந்தந்த நாளில் தானாக வெளியாகும்படி தேதி வைத்துவிடுவாள். தேதிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஆண்டின் நடுவில் அவள் போய்விட்டாள்.

ஜொகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் அவள் மகன், ஒருநாள் என்னோடு சாப்பிடும்போது சொன்னான்: "அது ஓசி எடம் மாமா. நாளைக்கே மூடிட்டாங்கன்னா அம்மா எழுதினதெல்லாம் போச்சு. சொந்தமா செர்வர் எடுத்து நாமளே போட்டுக்கலாம் லா."

"அங்க யாரும் கைவைக்காம தானா நடக்குதுடா."

"யாரோ வீட்டுல அம்மாவ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு மாமா."

மாற்றினோம். வரவேண்டிய பதிவுகள் இருந்த பக்கம் வந்ததும் அவன் கணினியை என் பக்கம் திருப்பினான். "இத நீங்களே பாருங்க. எத்தன மிச்சம்னு எனக்குச் சொல்லாதீங்க." நான் தேதிகளை மட்டும் ஒப்பிட்டேன்.

அடுத்தது, பெற்றோர் வேலைக்குப் போகும்போது தோட்டத்து ஆயாக்கொட்டகையில் எங்களைப் பார்த்துக்கொண்டவரின் திதி. புதுப் பதிவு வந்தால் இருவருக்கும் மின்னஞ்சல் வரும். மதியம்வரை வரவில்லை. அவன் அழைத்தான்.

"அம்மா வரல மாமா. நான் சொல்லித்தானே மாத்துனோம்."

நான் தளத்தைத் திறந்தேன். பழைய பதிவுதான் இருந்தது. மறுபடி திறந்தேன். புதியது இருந்தது, அக்கா குறித்திருந்த காலை நேரத்தோடு.

காரணம் பிறகு புரிந்தது. நாங்கள் நிறுவிய மென்பொருள் தானாகக் கடிகாரம் பார்ப்பதில்லை. யாராவது தளத்துக்கு வந்தால்தான் நேரமாகிவிட்டதா என்று பார்த்து, பதிவை வெளியிடும். வந்தவருக்குப் பழையதே தெரியும்; மறுபடி திறந்தால்தான் புதியது. அன்று காலையிலிருந்து யாரும் வரவில்லை. நாங்கள் இருவரும் மின்னஞ்சலுக்குக் காத்திருந்தோம்.

"தானா வெளியாகுற மாதிரி செஞ்சிடலாம்டா," என்றேன்.

"வேணாம் மாமா. பஸ்ல போறப்ப நான் போய்ப் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அவன் தினமும் காலையில் சிங்கப்பூர் போகும் பாலத்தில் பேருந்து நகரக் காத்திருக்கும்போது தளத்தைத் திறந்தான். எந்த நாள் யாருடைய திதி என்று அவனுக்குத் தெரியாது.

கடைசிப் பதிவும் வெளியாகிவிட்டது. அது கடைசி என்று அவனிடம் நான் சொல்லவில்லை. காலைகளில் தளத்தின் வருகைப் பட்டியலைப் பார்க்கிறேன். அவன் பேருந்தில் இருக்கும் நேரத்தில் ஒரு வருகை. சற்று இடைவெளி விட்டு, இன்னொன்று.