பூஜ்ஜியம் பேர் வேலை பார்க்கும் தெரு

அந்தத் தெருவில் அவருக்கு ‘மூணு மாசம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அடையாள அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வருவார். ஆனால் யாரும் அதைப் படித்ததில்லை. அட்டை தெருமுனையில் ஆடுவது தெரிந்ததுமே எல்லாரும் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். ஓடுகிற அவசரத்தில் எங்கே படிப்பது?

அவர் புள்ளிவிவர அலுவலகத்தில் களப்பணியாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடை கடையாக ஏறி இறங்குவார். இங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், இன்னும் ஆள் வேண்டுமா, கிடைக்கிறார்களா, விற்பனை எப்படி என்றெல்லாம் கேட்டு, ‘டேப்’ என்று அவர் சொல்லும் தொடுதிரைக் கணினியில் பதிந்துகொள்வார். கடைசியில் ஒரே கேள்வியை ஒரே ராகத்தில் கேட்பார்: “அடுத்த மூணு மாசத்துல தொழில் நல்லாகுமா, இப்படியே இருக்குமா, மோசமாகுமா?” பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இந்தப் பதில்களையெல்லாம் மூட்டை கட்டி, மாநிலத்தின் தொழில் சூழல் எப்படி இருக்கிறது என்று தலைமை அலுவலகம் அறிக்கை போடும். எங்கே தொழிற்சாலை வரலாம், எங்கே பயிற்சிப் பள்ளி திறக்கலாம், எங்கே பஸ் விடலாம் என்று பெரிய மனிதர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மாநிலத்துக்கே நாடி பார்க்கிற வேலை. ஆனால் நம் ஆள் வந்தாலே நோயாளி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறான். அவர்தான் என்ன செய்வார்?

ஆட்களின் எண்ணிக்கையைச் சொன்னால் பின்னாலேயே வரிக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பது அந்தத் தெருவின் அசைக்க முடியாத நம்பிக்கை. இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. ஒளிந்துகொண்டதால்தான் வரவில்லை என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

ஒளிவதிலும் கடைக்குக் கடை ஒரு முறை உண்டு. ரொட்டிக்கடை ஆட்கள் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய், அவர் கிளம்பியதும் பேய்க்கூட்டம் மாதிரி வெளியே வருவார்கள். முடிதிருத்தும் கடையில் நாற்காலிகளில் வாடிக்கையாளர்களாக உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்தவனுக்கு வெட்டாமல் இருந்தால் சந்தேகம் வருமே, அதனால் முதலாளி நிஜமாகவே வெட்டிவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கடையில் எல்லார் தலையும் உரித்த தேங்காய்தான். கார் பழுது பார்க்கிற இடத்தில் ஒருமுறை ஒரு வண்டிக்கு அடியில் நாலு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இது யார் என்று கேட்டதற்கு, வண்டி வரும்போதே அப்படித்தான் வந்தது என்றார் முதலாளி.

மூணு மாசம் அதையும் அப்படியே பதிந்துகொண்டார். ஏனென்றால் அவர் வேலைக்கு ஒரு விதி உண்டு. எதிரே இருப்பவர் சொன்னதைப் பதிய வேண்டும். தன் கண்ணில் பட்டதைப் பதியக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் அவருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தவர் இன்றைக்கு வரை விடவில்லை. வானம் பச்சை என்று ஒருவர் சொன்னால், அண்ணாந்துகூடப் பார்க்காமல் ‘பச்சை’ என்று தட்டுவார்.

ஆள் அப்படிப்பட்டவர். வீட்டிலும் விடமாட்டார். கல்யாணமான புதிதில், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மனைவியிடம், “அடுத்த மூணு மாசத்துல சாப்பாடு நல்லாகுமா, இப்படியே இருக்குமா, மோசமாகுமா?” என்று கேட்டார். “சாப்பிடுறவரோட நடத்தையைப் பொறுத்தது” என்று பதில் வந்தது. அப்படி ஒரு விடைக்குப் படிவத்தில் இடம் இல்லையே என்று பாவம் அன்று முழுக்கத் தவித்தார்.

அந்த மனைவிதான் காலர் அக்கா. அதே தெருவின் தையல்கடையில் வேலை. சட்டைக்குக் காலர் தைப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. எப்பேர்ப்பட்ட கோணல் கழுத்தும் அக்காவின் காலருக்குள் போனால் நிமிர்ந்துவிடும். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அங்கிருந்தே ஓடிப்போய்ப் பஸ் பிடித்து, கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் இறங்குவார். அந்தத் தெருவுக்கு இருப்பது அந்த ஒரு காலைப் பஸ்தான்.

அப்படியானால் மூணு மாசம் கணக்கெடுக்க வரும்போது அக்கா என்ன செய்வார்? வேறென்ன, ஒளிவார். முதலாளி உத்தரவு. துணி மாற்றிப் பார்க்கிற மறைப்புத் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரை தரை வரைக்கும் வராது. கீழே அக்காவின் செருப்பு தெரியும், போன வருடம் மூணு மாசமே கூடப்போய் வாங்கிக்கொடுத்த நீலச் செருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே, “எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?” என்பார் புருஷன். “யாருமில்ல சார், நான் ஒண்டிக்கட்டை” என்பார் முதலாளி. பூஜ்ஜியம் என்று பதிவாகும்.

இப்படியே ஓடியிருக்கும். தலைமை அலுவலகத்தில் ஒரு வகுத்தல் கணக்குதான் கெடுத்தது. ஒரு தெருவில் நடக்கிற வியாபாரத்தை அங்கே வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு இவ்வளவு உழைப்பு என்று ஒரு எண் வருமாம். இந்தத் தெருவுக்கு வகுத்தபோது கணினி முரண்டு பிடித்தது. ரொட்டி வேகிறது, சட்டை தைக்கப்படுகிறது, கார் ஓடுகிறது, ஆனால் வேலை பார்ப்பவர் பூஜ்ஜியம் பேர். பூஜ்ஜியத்தால் வகுக்க மாட்டேன் என்று அது அப்படியே உறைந்துபோய் நின்றது. இன்னொரு பக்கம் போக்குவரத்துத் துறை அந்தப் புள்ளிவிவரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகிறவரே இல்லாத தெருவுக்குக் காலைப் பஸ் எதற்கு என்று கேட்டது. நியாயமான கேள்விதானே.

மூணு மாசத்தைக் கூப்பிட்டு அவருடைய மேலதிகாரி அம்மா விஷயத்தைச் சொன்னார். வரும் வாரம் அங்குள்ள தையல்கடைக்குத் தானே நேரில் வந்து ஒருமுறை சரிபார்ப்பதாகவும், அப்போதும் பூஜ்ஜியம் என்றால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். அவர் சொன்ன கடை, சொன்ன தெரு, சொன்ன பஸ், எல்லாமே அக்காவுடையது.

அன்று வீட்டில் தட்டைப் பார்த்தபடியே மென்றுகொண்டிருந்த புருஷனிடமிருந்து அக்கா ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார். பஸ் இல்லாவிட்டால் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்து போவதற்குள் கடையில் பாதிநாள் போய்விடும். பாதிநாளுக்கு வருகிற ஆளை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார்.

“என் செருப்பைப் பாத்தீங்கல்ல?” என்றார் அக்கா.

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் பூஜ்ஜியம்னு போட்டீங்க?”

“செருப்பு வேலை பாக்குறதா யாரும் சொல்லலையே.”

அக்கா அவர் தட்டில் இருந்த கடைசித் துண்டு அப்பளத்தை எடுத்துத் தான் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மறுநாள் கடைக்குப் போய் முதலாளியிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். ஆட்களைச் சொல்லாவிட்டால் பஸ் நின்றுவிடும், பஸ் நின்றால் யாரும் வேலைக்கு வர முடியாது என்று. முதலாளி ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தார். மூணு மாசம் பெண்டாட்டியை விட்டே ஆழம் பார்க்கிறார் பார் என்றார். அதெல்லாம் தன்னிடம் நடக்காது, அதிகாரி வருகிற அன்று வழக்கம்போல எல்லாரும் ஒளிய வேண்டும், மீறி வாயைத் திறந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் சொல்லிவிட்டார். அக்காவுக்குத் தலை சுற்றியது. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் பஸ் போகும், பின்னாலேயே வேலையும் போகும்.

அந்த நாளும் வந்தது. தெருமுனையில் இந்தமுறை இரண்டு அட்டைகள் ஆடின. ரொட்டிக்கடையில் மாவு பறந்தது. முடிதிருத்தும் கடையில் போன தடவை வெட்டிய முடி இன்னும் முழுசாக வளரவில்லை, இருந்தாலும் விதியே என்று போய் உட்கார்ந்தார்கள். தையல்கடையில் அக்கா திரைக்குப் பின்னால் போனார். பட்டன் துளை போடுகிற பெண் வெட்டுமேசைக்கு அடியில் நுழைந்தாள். இஸ்திரி போடுகிற பெரியவருக்கு முழங்கால் மடங்காது, அதனால் கட்டி நிறுத்திய துணி மூட்டைகளுக்கு, அதாவது பேல்களுக்கு நடுவே சுவரோடு நின்று மேலே ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டார். பார்த்தால் இன்னொரு பேல் மாதிரிதான் இருந்தது, அடிக்கடி இருமுகிற பேல்.

மூணு மாசம் விதிப்படி ஆரம்பித்தார். முதலாளியும் விதிப்படி, தான் ஒண்டிக்கட்டை என்றார். அதிகாரி அம்மா சுற்றிலும் பார்த்தார். மூன்று தையல் இயந்திரங்கள். மூன்றின் மேலும் பாதி தைத்த துணி.

“மூணு மிஷினும் நீங்களே ஓட்டுறீங்களா?”

“ஒண்ணு சூடானா அடுத்ததுக்குப் போயிடுவேன் மேடம்.”

பேல் இருமியது. மழைக்காலம், துணிக்கு ஆகாது என்றார் முதலாளி. மூணு மாசம் குனிந்து திரைக்கு அடியில் பார்த்தார். நீலச் செருப்பு ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றது. அவர் விரல் டேப்பின் மேல் பூஜ்ஜியத்துக்கு நேராகப் போய் நின்றது. இத்தனை வருடத்தில் அந்த விரல் அப்படி நின்றதே இல்லை. அழுத்தாமல், ஏதோ தூசியைத் தட்டுகிற மாதிரி டேப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மாவின் கண், கொக்கியில் மாட்டியிருந்த ஒரு வெள்ளைச் சட்டையில் விழுந்தது. கிட்டே போய்க் காலரை விரலால் தடவிப் பார்த்தார். தன் வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு காலர் தைக்க ஊரெல்லாம் தேடியும் ஆள் கிடைக்கவில்லை, யார் தைத்தது என்று கேட்டார்.

முதலாளி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாராட்டைக் கண்டால் மனிதனுக்கு வாய் நிற்குமா?

“எல்லாம் இந்தக் கைதான் மேடம்” என்றார். “சின்ன வயசுலேர்ந்தே. காலர்ல மட்டும் என்னை அடிச்சுக்க ஆளே இல்ல.”

திரை அசைந்தது. வேண்டாம் என்று மூணு மாசம் நினைத்தாரா, வந்துவிடு என்று நினைத்தாரா, அவருக்கே தெரியாது. திரையை விலக்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தார், கழுத்தில் அளவு நாடா, வாயில் இன்னும் எடுக்காத குண்டூசி. ஊசியை எடுத்துத் தோள் துணியில் குத்திவிட்டுத்தான் பேசினார்.

“முதலாளி, நீங்க கடைசியா ஒரு காலர் தச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அந்தாளு இன்னும் யாரையோ கூப்பிடுற மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிட்டே நடக்குறாரு.”

அடுத்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்: “அந்தச் சட்டையில பட்டன் துளை நான் போட்டது. அதையும் சொல்லுங்கக்கா.” கடைசியாகப் பேல் போர்வையை விலக்கிக்கொண்டு, இஸ்திரியை மட்டும் யாருமே பாராட்ட மாட்டீர்கள் என்று அங்கலாய்த்தது.

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. சொல்ல முடியாது, அதிகாரி அம்மா அதற்குள் தன் வீட்டுக்காரருக்கு ஆறு சட்டைக்கு அளவு சொல்ல ஆரம்பித்திருந்தார். வரிக்காரர் வருவார்களா என்று முதலாளி ஈனஸ்வரத்தில் கேட்டார். புள்ளிவிவர அலுவலகம் எங்கே இருக்கிறதென்றுகூட அவர்களுக்குத் தெரியாது என்றார் அம்மா. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ரொட்டிக்கடைக்காரர்கள் வெள்ளை வெளேரென்று வாசலில் நிற்க, அவர்களையும் பதிந்துகொள்ளச் சொன்னார்.

முதலில் அக்கா. மூணு மாசம் டேப்பை நிமிர்த்திப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, “பெயர்?” என்றார்.

“ஏங்க, தெரியாதா?”

“நீ சொல்லணும். விதி.”

அக்கா சொன்னார். அவர் தட்டினார்.

“வேலை?”

“காலர் தைக்கிறது. உதவியாள்னு போட்டீங்க, ராத்திரி சாப்பாடு கிடையாது.”

தட்டினார்.

“வயசு?”

அக்கா ஒரு கணம் கூரையைப் பார்த்தார். “இருபத்தெட்டு.”

மகளுக்கே பதிமூன்று ஆகப்போகிறது. கல்யாணப் பத்திரிகை இன்னும் பீரோவில் இருக்கிறது. மூணு மாசம் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொன்னதைப் பதிவதுதானே விதி. இருபத்தெட்டு என்று அழுத்தித் தட்டினார். அந்த விதி அவருக்கு அவ்வளவு இனித்தது அன்றைக்குத்தான்.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். அடுத்த அறிக்கையில் அந்தத் தெரு மாநிலத்திலேயே முதலிடம். பூஜ்ஜியத்திலிருந்து ஒரேயடியாகத் தெரு நிறைய ஆட்கள் என்றால், வேலைவாய்ப்பு எத்தனை மடங்கு வளர்ந்தது என்று கணக்குப் போடக் கணினி மறுபடி முரண்டு பிடித்தது. கடைசியில் யாரோ ‘அளவிட முடியாத வளர்ச்சி’ என்று கையால் அடித்துவிட்டார்கள். அந்த அதிசயத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து கோட்டு போட்ட ஒரு கூட்டம் வேனில் வந்து இறங்கியது. எல்லார் கழுத்திலும் அட்டை. அவ்வளவு அட்டைகளை ஒன்றாகப் பார்த்ததும் தெருவுக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. வந்தவர்கள் ஆளில்லாத கடைகளையும், ஒரு காருக்கு அடியில் நாலு ஜோடிக் கால்களையும் பார்த்துவிட்டு, மிகவும் அமைதியான தொழில் சூழல் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

காலைப் பஸ் நிற்கவில்லை. இப்போது கொஞ்சம் பெரிய வண்டியாக விட்டிருக்கிறார்கள். மகளைப் பள்ளியில் விடுகிற வேலையை மூணு மாசமும் பங்குபோட்டுக்கொண்டு, அப்படியே பஸ் நிறுத்தம் வரைக்கும் அக்காவின் பையைத் தூக்கி வருகிறார். ஒருநாள் அங்கே நிற்கும்போது அக்கா திடீரென்று அவரைப் பார்த்துக் கேட்டார்.

“ஏங்க, அடுத்த மூணு மாசத்துல நீங்க நல்லாவீங்களா, இப்படியே இருப்பீங்களா, மோசமாவீங்களா?”

ஊரையெல்லாம் கேட்ட மனிதரை அதுவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. பையைக் கை மாற்றிப் பிடித்தார். நெற்றியைத் தேய்த்தார். யோசித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அக்கா பையை வாங்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டினார்.

“சொல்லலையே?”

“இப்படியே” என்றார் மூணு மாசம்.

“சரி, பதிஞ்சுக்கிட்டேன்” என்றார் அக்கா. பஸ் கிளம்பியது.