இளஞ்சிவப்புச் சீட்டு

ஒன்பது வயதுவரை திக்கிய நாக்கை வென்றவள், மூன்றாம் முயற்சியில் கணக்குப் பாடத்தை வென்றவள், "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற படிப்பு பொட்டப்புள்ளைக்கு எதுக்கு?" என்ற பெரியப்பாவை வென்றவள், பள்ளிக்கூடத்தில் துடைப்பம் அடுக்கியிருந்த அறையைக் கெஞ்சி வாங்கி மனநல ஆலோசனை அறையாக்கியவள். தையல் கடைக்கு வருகிறவர்களிடம் தங்கையைப் பற்றி அக்கா இதே வரிசையில்தான் சொல்வாள். எட்டாவதோடு நின்று பள்ளிச் சீருடை தைக்க வந்தவள் அக்கா. அரை அங்குலம் பிசகினாலும் பிரித்துத் தைப்பாள்.

தங்கைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் "டிஷ்யூ மிஸ்". அழுகிறவர்களுக்காக மேசைமேல் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி. பிள்ளை உள்ளே வருமுன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்துவிடுவாள். எதிரே உட்காரமாட்டாள்; நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, இருவருமாகச் சன்னலைப் பார்த்திருப்பார்கள். "மூஞ்சிக்கு நேரா உக்காந்தா பொய்தான்க்கா வரும்."

ஆண்டுதோறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருபது கேள்விகள். தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா, வாழப் பிடிக்கிறதா. 'இல்லை' என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண்; பதினான்கைத் தாண்டினால், வரச்சொல்லி வகுப்புக்கு இளஞ்சிவப்புச் சீட்டு போகும்.

"இதெல்லாம் கேட்டா இல்லாததும் வந்துடாதாடி?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"நெருப்புன்னா வாய் வெந்துடுமா?"

அப்படிச் சீட்டு போய் வந்த ஒருத்திதான், பையில் சேர்த்துவைத்திருந்த மாத்திரைகளை மேசையில் கொட்டிவிட்டு அழுதாள். இன்று கல்லூரியில் படிக்கிறாள்.

இந்த ஆண்டு ஒரு வாய் வெந்தது. தைத்த சீருடையை வாங்கக் கடைக்கு வந்த ஒரு தாய் அதைத் தொடவில்லை. "வேற யாருக்காவது குடுத்துடுங்க. அவ இனி பள்ளிக்கூடம் போகமாட்டாளாம்." மகள் ஒன்பதாம் வகுப்பு. வளர்த்த நாய் செத்த வாரத்தில் கேள்வித்தாளை நிரப்பியிருக்கிறாள். பதினாறு மதிப்பெண். சீட்டு வந்த நாளிலிருந்து வகுப்பில் அவள் பெயரே "பதினாறு". "கேலியக்கூடத் தாங்கிக்கிட்டா. மிஸ்ஸே கூப்பிட்டாங்கன்னா தனக்கு என்னமோ இருக்குன்னு அவளே நம்பிட்டா. கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா."

அக்கா கூட்டாமல் குறைக்காமல் தங்கையிடம் சொன்னாள். தங்கை அந்த வீட்டுக்கு நான்கு முறை போனாள். கதவு திறக்கவில்லை.

ஆலோசனைத் திட்டத்தின் ஆண்டறிக்கையைத் தலைமையாசிரியர் முன்பே தட்டச்சு செய்துவைத்திருந்தார். அனைவரும் பயனடைந்தனர், பாதிப்பு எதுவுமில்லை. வழக்கம்போல அடியில் பள்ளி முத்திரை மட்டும். "இருநூறு பேர்ல ஒண்ணு ரெண்டு அப்படித்தான் மிஸ். வெளிய சொன்னா மேலிடத்துல திட்டத்தையே மூடிடுவாங்க. மாத்திரையோட வர்றவ அப்புறம் எங்க போவா?" அதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் தங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அக்காவின் வெட்டுமேசையில் துணியை ஒதுக்கிவிட்டு, தங்கையே வேறோர் அறிக்கை எழுதினாள். பிழைத்தவளைப் பற்றி ஒரு பத்தி. கதவைச் சாத்திக்கொண்டவளைப் பற்றி ஒரு பத்தி. சீட்டு அனுப்பியது தன் தவறு; இனி எல்லாப் பிள்ளைகளையும் முறைவைத்து அழைத்தால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

"மூடிட்டாங்கன்னா?" என்றாள் அக்கா.

முத்திரைக்கு விட்டிருந்த இடத்தில், இத்தனை ஆண்டு அறிக்கைகளில் முதன்முறையாக, தங்கை தன் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். அதன் கீழே தேதி: மார்ச் பதினெட்டு.