குடல்வால் அப்படியே இருந்தது

சனிக்கிழமைகளில் பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, பிரெஞ்சு எழுதத் தெரியாத நம்மவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். வதிவிட அட்டை, வீட்டு விண்ணப்பம், பள்ளிக்கூடம் என்று ஏதாவது இருக்கும்.

ஒரு சனிக்கிழமை வந்தவர் தமிழர் அல்ல. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் கறுப்பினப் பெண்மணி. எழுபதைத் தாண்டியவர். இந்து சமுத்திரத்தில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பிறந்தவர். ரூ காய் என்ற தெருவில் உள்ள தமிழ்க் கடையில் முருங்கையிலை தெரிந்தெடுக்கும்போதுதான் எங்களுக்குப் பழக்கமானார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பிரெஞ்சு பேசுவார், எழுத்துக்கூட்டி வாசிப்பார், எழுத வராது. அவர் பேசியது என் நினைவில் எங்கள் தமிழிலேயே தங்கியிருக்கிறது.

"பிள்ளை, ஊரிலை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதவேணும்."

"என்னெண்டு எழுத?"

"எனக்கு என்ன செய்தவை எண்டு கேட்டு."

பத்தொன்பது வயதில், மூன்று மாதக் கர்ப்பத்தோடு, வயிற்றுவலிக்காக அங்கே போயிருக்கிறார். மயக்கம் தெளிந்தபோது அடிவயிற்றில் தையல். குடல்வாலை எடுத்தோம், பிள்ளை தங்கவில்லை என்றார்கள். நம்பினார். கலியாணம் கட்டிப் பாரிசுக்கு வந்து ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தார். கணவர் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. நாற்பது வயதில் வேறொரு நோய்க்கு இங்கே வயிற்றைத் திறந்தார்கள். குடல்வால் அப்படியே இருந்தது. கருக்குழாய் இரண்டும் கட்டப்பட்டிருந்தன.

"நீங்கள் விரும்பித்தானே செய்தனீங்கள் எண்டு டொக்டர் கேட்டார். நான் ஓம் எண்டிட்டன்."

"ஏன்?"

"வெக்கமாக் கிடந்தது. என்ரை உடம்பிலை என்ன நடந்ததெண்டு எனக்கே தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

தன்னைப் போல அந்தத் தீவில் பலர் இருந்ததை அவர் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தார். ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். இங்கே, பிரான்சில், ஒரு பெண் கேட்டாலும் கருவைக் கலைக்கச் சட்டம் இடம் கொடுக்காத காலம் அது. அதே சட்டத்தின் கீழ் இருந்த தீவில், கேட்காதவர்களுக்குக் கலைத்தார்கள்.

கடிதத்தை எழுதி முடித்தேன். அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சில வருடங்களுக்கு முன், வன்னியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் மூன்றாவது பிரசவத்துக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். அவருக்கும் அவசரம், எனக்கும் அவசரம். "வழமையான பேப்பர்தான், கையெழுத்தைப் போடும்" என்றேன். நான் அதை வாசிக்கவில்லை. அவள் இப்போது பாரிசின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருக்கிறாள். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. வேண்டாமென்றுதான் இருக்கிறாளா என்று கேட்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அந்தக் காலத்து ஆவணங்கள் எதுவும் தங்களிடம் இல்லையாம். வாசித்துச் சொன்னேன்.

"இன்னொண்டு எழுது. இந்தமுறை நான் ஒண்டும் கேக்கேல்லை. சொல்லப்போறன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அலுவலகப் பழக்கத்தில் ஓரிடத்தில் 'எனக் கருதுகிறேன்' என்று சேர்த்துவிட்டேன். வாசித்துக் காட்டியபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கருதேல்லை. அதை வெட்டு."

வெட்டினேன். இந்தக் கடிதத்தைத் தன் பெயரில் உள்ள கோப்பில் வைக்கவேண்டும், கோப்பு இல்லையென்றால் ஒன்று திறக்கவேண்டும் என்பதே கடைசி வரி. பெரிய எழுத்தில் மெதுவாகக் கையெழுத்திட்டார்.

கிடைத்தது, பதிந்துகொண்டோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அவர் அதை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தானே வாசித்தார். பிறகு தீவில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். தங்கைக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அவர்களுடைய தீவு மொழியான கிரியோல் எனக்கு விளங்காது. ஆனாலும் எழுந்து போக மனமில்லாமல் பக்கத்திலேயே இருந்தேன்.